அடிப் பெயிண்ட்

சித்திரை பாதியில் ஒரு மழை பெய்தது. பெரிய மழை இல்லை. ஓட்டுச் சாய்ப்புகளைக் கழுவிவிட்டு, தேரிச் செம்மண்ணில் நாலைந்து ஓடைகளைக் கீறிவிட்டு நின்றுபோனது. அந்த வெயிலுக்கு அதுவே போதும் என்று நெடுவிளை ஊர் நன்றாகத் தூங்கியது. மறுநாள் விடிந்து குளத்துப் பக்கம் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். மருதடிக்குளத்தில் மீன் செத்து மிதந்தது.

மணிமுத்தாற்றுக் கால்வாயின் கடைசிக் குளங்களில் ஒன்று மருதடிக்குளம். தாமிரபரணிக்குப் போக வேண்டிய தண்ணீரில் கொஞ்சம் அந்தக் கால்வாய் வழியாகக் கிழக்கே திரும்பி, வழியில் இருக்கிற குளங்களை எல்லாம் நிரப்பிவிட்டு, மனமிருந்தால் நெடுவிளை வரைக்கும் வரும். கோடையில் குளத்தடிக் கரம்பை மண் வெடித்து, நடுவில் ஒரு தேக்கம் மட்டும் மிஞ்சும். அந்தத் தேக்கத்தில்தான் மந்திரமூர்த்தி குத்தகைக்கு எடுத்துக் குஞ்சு விட்டு வளர்த்த கட்லாவும் ரோகும் வலைக்குத் தயாராகக் கிடந்தன. இப்போது எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கின. சாகாத சில மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றுக்குத் தவிக்கிற மாதிரி இருந்தது பார்க்க.

மந்திரமூர்த்தி முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு மீனைத் தூக்கிச் செவுளைப் பிரித்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சளி பிடித்தாற்போல வழவழத்துக் கிடந்தது.

"இது தானாச் செத்த மீனு இல்லவே. எவனோ மருந்தக் கலந்திருக்கான்."

"யாரு அண்ணாச்சி அப்படிச் செய்வா?" என்றார் கரையில் நின்ற ஒருவர்.

"யாருன்னு நான் வேற சொல்லணுமா? ஏலம் போன அன்னைக்கு ஊரு முன்னால என்ன சொன்னான்? 'இந்தக் குளத்துல நீரு எப்படி மீன் பிடிக்கீருன்னு பாத்துருவோம்'னு சொன்னானா இல்லையா?"

யாரும் பேர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். போன குத்தகை முஆத் எடுத்திருந்தான். மினி லாரி வைத்து வள்ளியூர்ச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவன். வாய் கொஞ்சம் நீளம். ஏலத்தில் தோற்ற ஆத்திரத்தில் சொன்ன வார்த்தை அது. சொன்னவன் மறந்துவிட்டான். கேட்டவர் மறக்கவில்லை.

வடகரையில் தன் பட்டறை வாசலில் நின்று டெபோரா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊரில் அவளுக்குப் பேர் உவரிக்காரி. அவளுக்கும் புருஷன் இன்பமணிக்கும் மீன்பிடி வள்ளம் பழுது பார்க்கிற தொழில். உவரிக் கடற்கரையில்தான் முதலில் பட்டறை இருந்தது. கடல் கரையை அரித்து அரித்து, பட்டறை நின்ற இடத்தில் அலை வந்து நின்றது. லாரியில் வள்ளத்தை ஏற்றி இறக்க ரோட்டோரமாக இடம் தேடி அலைந்து, கடைசியில் உள்நாட்டில் இந்தக் குளத்தங்கரையில் வந்து தார்ப்பாய்க் கொட்டகை போட்டார்கள். தண்ணீர் பக்கத்தில் இருந்தது. மருத மர நிழல் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

வருகிற வள்ளங்களில் பாதி ஓட்டை அடைக்க வரும். மீதி அடிப் பெயிண்டுக்கு வரும். துறைமுகத்தில் மாதக்கணக்காகத் தண்ணீரிலேயே கிடக்கிற வள்ளத்தின் அடியில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொள்ளும். வேகம் குறையும், டீசலைக் குடிக்கும். அது ஒட்டாமல் இருக்க, தண்ணீருக்குள் முங்குகிற பாகத்துக்கு மட்டும் செந்தவிட்டு நிறத்தில் ஒரு பெயிண்ட் உண்டு. செம்பு கலந்தது. ஒட்ட வருகிற உயிரைக் கொன்றுவிடும். அதனால்தான் ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது அடிக்க வேண்டும். சுரண்டுவது டெபோராவின் வேலை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வள்ளத்தின் அடியில் மல்லாந்து படுத்து, சுரண்டியால் இழுத்து இழுத்து எடுப்பாள். சாயங்காலம் காறித் துப்பினால் சிவப்பாக வரும். முழங்கை எரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சோறு பொங்கப் போய்விடுவாள்.

சுரண்டிய தூளைக் கூட்டிக் கரைச் சரிவில் தள்ளிவிடுவது வழக்கம். தேரி மண்ணும் அந்த நிறம்தான். யாரும் அதை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை.

டெபோரா கொட்டகைக்குப் பின்னால் போனாள். போன வாரம்கூட அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு குவியல் இருந்தது. இப்போது அது இல்லை. மழைத் தண்ணீர் அதைக் கரைத்து இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கியிருந்தது. கரையில் கலந்து தெரியவில்லை. ஆனால் குளத்துக்குள், கறுத்த கரம்பையின் மேல், ஒரு சிவப்பு வாய்க்கால் நேராகத் தேக்கத்துக்குள் போய் இறங்கியது.

அவள் அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

"இங்கேருங்க. பைய இங்க வாங்க."

இன்பமணி வந்தான். பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. புரிந்ததை முகம் காட்டிக்கொடுத்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"மழைக்கு மண்ணு கரையத்தான் செய்யும்."

"இது மண்ணா?"

"ஏட்டி, சத்தம் போடாத. கடல்ல எத்தன வள்ளம் கிடக்கு. அத்தனையிலயும் இந்தப் பெயிண்டுதான். கடல் மீனு செத்தா போச்சு?"

"கடலு கடலு. இது கெடக்கிற தண்ணி. கோடையில எவ்வளவு தண்ணி கிடக்குன்னு நீங்க பாக்கலையா? பெயிண்டு டின்னுல மீனு செத்துக் கிடக்க படம் போட்டிருக்கான்."

"அது சிப்பி ஒட்டாதுன்னு காட்டப் போட்டிருக்கான்."

"சிப்பிக்கு எதுக்கு மீன் படம் போடுவான்?"

இன்பமணி கொட்டகைப் பக்கம் திரும்பினான். கொட்டகையில் பாதி சுரண்டிய வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர் காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தார். கடல் ஒருதரம் அவர்களைக் கிளப்பிவிட்டது. இன்னொரு இடத்திலிருந்தும் கிளம்ப அவனுக்குத் தெம்பில்லை.

"வாயத் தொறந்தேன்னா இன்னைக்கே நம்மளச் சாமானோட ரோட்டுல நிறுத்திருவானுவ. பேசாம இரு. ரெண்டு நாள்ல எல்லாம் அடங்கிரும்."

அடங்கவில்லை. மந்திரமூர்த்தி புகார் கொடுத்து, அன்று மத்தியானமே போலீஸ் வந்து முஆத்தைக் கூட்டிக்கொண்டு போனது. அவன் லாரியில் பழைய பூச்சிமருந்து டப்பா ஒன்று கிடந்தது. வாழைக்குத் தெளிக்க வாங்கியது என்றான். யார் கேட்டார்கள்.

மறுநாள் அவன் உம்மா ஜுபைதா பீவி வெயிலில் நடந்து டெபோராவின் பட்டறைக்கு வந்தாள். ஊருக்கு அந்தக் கோடியில் வீடு. முக்காடு வியர்வையில் நனைந்து நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. டெபோரா அவளை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"ராத்திரியும் விடல. சோறு கொண்டு போனா, வச்சிட்டுப் போன்னுட்டான். எம்பிள்ள வாய்தான் நீளம் தங்கச்சி. கையி நீளம் இல்ல. ஒரு உசுரக் கொல்லுத மனசு அவனுக்குக் கிடையாது."

"தெரியும்க்கா."

"நீதான் பகலெல்லாம் இந்தக் கரையிலயே கிடக்க. எவனாவது தண்ணிக்குள்ள எதையும் கொட்டுனதப் பாத்தியா? பாத்திருந்தா எங்கூட வந்து சொல்லு. அல்லா உனக்குக் கூலி தருவான்."

இன்பமணி வள்ளத்துக்குப் பின்னால் இருந்தான். சுரண்டியின் சத்தம் நின்றுவிட்டது.

டெபோரா சொன்னாள்: "நான் ஒண்ணும் பாக்கலக்கா."

ஜுபைதா பீவி தம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். வந்த வழியே, நிழலில்லாத கரையில் நடந்து போனாள். அவள் மறைகிற வரைக்கும் டெபோரா பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இன்பமணிக்குப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் சட்டியை மூடி வைத்தாள்.

"சாப்பிடல?"

"நாளைக்கு நான் ஒண்ணு செய்யப் போறேன். தடுக்காதீங்க."

"என்ன செய்யப் போற?"

"நமக்கு மொதல்ல உறுதியாத் தெரியணும். தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் பேசாம இருக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

விடிந்ததும் டெபோரா வாளியைத் தூக்கிக்கொண்டு கால்வாய் மதகுப் பக்கம் போனாள். குளத்தோடு சேராமல் தனியாகத் தேங்கிக் கிடந்த பள்ளத்தில் சேலை முந்தியை விரித்துக் கெண்டைக் குஞ்சுகளும் சிறு ஜிலேபி மீன்களும் அள்ளினாள். அதே பள்ளத்துத் தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் பாதிப் பாதி ஊற்றினாள். மீன்களைப் பிரித்து விட்டாள். வள்ளத்தடியில் கிடந்த தூளைக் கை நிறைய அள்ளி ஒரு டிரம்மில் போட்டுக் குச்சியால் கலக்கினாள். மற்றதில் தூள் படாத கரை மண்ணை அதே அளவு அள்ளிப் போட்டாள்.

இன்பமணி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் மந்திரமூர்த்தி அண்ணாச்சியையும் ஜுபைதா அக்காவையும் கூட்டிட்டு வாரேன்" என்றாள். "நீங்க இங்கன இருங்க. கவுத்துப் போடணும்னு தோணுனா கவுத்துப் போடுங்க. திரும்பி வந்து மறுபடியும் நிரப்புவேன்."

மந்திரமூர்த்தி வீட்டில் அப்போதுதான் இட்லி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது.

"அந்தப் பயலக் காப்பாத்த உன்னய அனுப்பியிருக்காளா அவன் உம்மா?"

"அவங்களுக்கு இன்னும் தெரியாது அண்ணாச்சி. இனிமேத்தான் சொல்லப் போறேன். நீங்க வந்து உங்க கண்ணால பாருங்க. பாத்துட்டு எங்கள என்ன செய்யணுமோ செய்யுங்க."

"உம்புருஷன் என்ன சொல்லுதான்?"

"அவரு பயப்படுதாரு. நானும் பயந்துதான் இத்தன நாள் சும்மா இருந்தேன்."

ஜுபைதா பீவியின் வீட்டு வாசலில் நின்றே டெபோரா சொல்லி முடித்தாள். பீவி கடைசிவரை கேட்டாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். மந்திரமூர்த்தியும் சேர்ந்து மூன்று பேரும் குளத்தங்கரையில் நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. போகிற வழியெல்லாம் டெபோராவுக்கு ஒரே நினைப்புதான். இன்பமணி டிரம்மைக் கவிழ்த்திருப்பான். அந்த ஆளுக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது.

டிரம்கள் அவள் வைத்த இடத்தில் இல்லை.

மருத மரத்தடியில், அடர்ந்த நிழலில் இருந்தன. இரண்டும் பக்கம் பக்கமாக. இன்பமணி அவற்றுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"வெயில்ல இருந்தா சூட்டுலதான் செத்துச்சுன்னு சொல்லுவாவ" என்றான், யாரையும் பார்க்காமல். "அதான் ரெண்டையும் தூக்கி நிழல்ல வச்சேன்."

மண் போட்ட டிரம்மில் கலங்கலுக்குள் மீன்கள் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. மற்றதில் கெண்டைக் குஞ்சுகள் ஏற்கெனவே மிதந்தன. ஜிலேபிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மந்திரமூர்த்தி குனிந்து பார்த்தார். ஒரு மீன் பக்கவாட்டில் சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடி சரிந்து அப்படியே நின்றது. அதை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தார். தன் குளத்து மீனில் பார்த்த அதே வழவழப்பு.

அவர் அந்த மீனை இன்பமணியின் காலடியில் எறிந்தார்.

"நல்லா இருப்பீருவே. எங்க குளத்தங்கரையில எடம் குடுத்ததுக்கு நல்லா செஞ்சீரு."

"தெரியாமத்தான் அண்ணாச்சி" என்றான் இன்பமணி.

"தெரியாமச் செஞ்சீரு. தெரிஞ்சதுக்கு அப்புறம் எதுக்குவே வாயப் பொத்திக்கிட்டு இருந்தீரு?"

டெபோராதான் சொன்னாள்:

"மொதல்ல ஸ்டேஷனுக்குப் போவோம் அண்ணாச்சி. அந்தப் பையன் வெளிய வரட்டும். திட்டுததெல்லாம் அப்புறம் திட்டுங்க. நாங்க எங்கயும் ஓட மாட்டோம்."

ஸ்டேஷனில் அவள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி சொன்னாள். மந்திரமூர்த்தி புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சாயங்காலம் முஆத் வெளியே வந்தபோது இடது காலை ஊன்ற முடியாமல் தாங்கித் தாங்கி நடந்தான். டெபோராவைப் பார்த்தான். ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

ஜுபைதா பீவி மட்டும் நின்றாள்.

"அன்னைக்கு உன்னத் தேடி வந்தேனே. உன் கையால தண்ணி வாங்கிக் குடிச்சேனே. அப்பச் சொல்லியிருந்தா எம்பிள்ள காலு இப்படி ஆயிருக்குமா?"

"ஆயிருக்காதுக்கா."

"ஏன் சொல்லல?"

"பொழைப்புப் போயிரும்னு பயம். வேற ஒண்ணும் இல்ல."

பீவி ஆட்டோப் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுறாத" என்றாள். "என்னால இப்பக் குடுக்க முடியாது." ஆட்டோ போய்விட்டது.

மறுநாள் ஊர் கூடியது. டெபோராவின் பேரைச் சொல்லி யாரும் பேசவில்லை. 'உவரிக்காரி' என்றார்கள். இன்றைக்கே பட்டறையைக் காலி பண்ணிவிட்டு வந்த ஊருக்கே போய்விட வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். இன்பமணி தலையைக் குனிந்து சரி என்றான்.

"போயிருதோம்" என்றாள் டெபோரா. "ஆனா இன்னைக்குப் போக மாட்டோம்."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. அவள் அது அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நாங்க இன்னைக்குச் சாமானத் தூக்கிட்டுப் போயிருவோம்னு வைங்க. அந்தத் தூளு இங்கனதான் கிடக்கும். அடுத்த மழைக்கு இருக்கதும் உள்ள போகும். கால்வாய்த் தண்ணி வந்தா கொளம் பூராப் பரவும். நீங்க மறுபடியும் குஞ்சு விடுவீங்க. அதுவும் சாகும். மாடு குடிக்க தண்ணி. நாங்க போட்டத நாங்க எடுத்துட்டுத்தான் போவோம். அதுக்கு அப்புறம் ஒரு நாள்கூட இருக்க மாட்டோம்."

மந்திரமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "எப்படி எடுப்ப?" என்றார். திட்டுகிற குரலில் இல்லை. கேட்கிற குரலில் கேட்டார்.

எப்படி எடுப்பது என்று அவளுக்கும் தெரியாது. மீன்வளக் கல்லூரிக்கு அவர்தான் போன் போட்டார். அங்கிருந்து ஒரு பெண் வந்து தண்ணீரும் சேறும் எடுத்துக்கொண்டு போனாள். சில நாளில் திரும்பி வந்து விவரமாகச் சொன்னாள். செம்பு மக்கிப்போகிற பொருள் இல்லை, சேற்றிலேயே தங்கும். நல்லவேளையாக மழை சின்னது. பெரும்பகுதி இன்னும் கரைச் சரிவிலும் அந்தச் சிவப்பு வாய்க்காலிலும்தான் கிடக்கிறது. மேல் மண்ணை ஒரு மம்பட்டி ஆழத்துக்கு வெட்டி, உள்ளே பிளாஸ்டிக் போட்ட சாக்கில் கட்டி, ஆலைக் கழிவைப் பத்திரமாகப் புதைக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பேசி அனுமதி வாங்கித் தருகிறேன். வரும் வருஷம் மீன் விடாதீர்கள். கை உறை இல்லாமல் தொடாதீர்கள். டெபோராவின் முழங்கையைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

வெட்ட ஆரம்பித்தார்கள். இன்பமணி கடப்பாரையால் நெம்புவான். டெபோரா மம்பட்டியால் இழுத்துச் சாக்கில் அள்ளுவாள். கரம்பை காய்ந்து கல்லாக இருந்தது. வெயிலுக்கு முன்னால் தொடங்கி, உச்சியில் மர நிழலுக்கு வந்து பழையதும் வெங்காயமும் சாப்பிட்டு, தலை சாய்க்காமல் மறுபடி இறங்கினார்கள். ரப்பர் உறைக்குள் கை வெந்தது. வள்ளத்தின் சொந்தக்காரர் வந்து, பெயிண்ட் அடிக்காமலே அதை ஏற்றிக்கொண்டு, வழி நெடுகத் திட்டிக்கொண்டு போனார். இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒருநாள் பதநீர் கொண்டுபோன ஒருத்தி கேட்காமலே இரண்டு செம்பு ஊற்றிக் கொடுத்தாள். ஊரிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

சாக்குகள் கரையில் வரிசையாக நின்றன. அதற்குப் பிறகுதான் சிக்கல். 'விஷ மண்ணு' என்று கேட்டதும் எந்த லாரிக்காரனும் வர மறுத்தான். மேற்கே பொதிகைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சாக்கு நனைஞ்சா மறுபடியும் இதுக்குள்ளதான் ஓடும்" என்றான் இன்பமணி. "தலையில சுமந்தாவது ரோட்டுக்குக் கொண்டு போயிருவோம். அங்க எவன் காலையாவது பிடிப்போம்."

ஒரு சாக்கை இருவரும் தூக்கிக்கொண்டிருந்தபோது கரையில் லாரிச் சத்தம் கேட்டது. முஆத்தின் மினி லாரி. மீன் பெட்டிகளை இறக்கிவிட்டுக் காலியாக வந்திருந்தான். நொண்டிக்கொண்டே இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

டெபோரா அவனிடம் போனாள். "தம்பி..."

"உங்களுக்காக வரல" என்றான் முஆத். "உங்க மேல உள்ள கோவம் எனக்குப் போகல. எப்பப் போகும்னும் தெரியல. ஆனா இது எங்க கொளம். நான் நீச்சலு படிச்ச தண்ணி. ஏத்துங்க."

ஏற்றினார்கள். சாக்குக்கு மேல் சாக்கு வைத்து, பட்டறைத் தார்ப்பாயைப் பிரித்து மேலே போட்டுக் கயிற்றால் இறுக்கினார்கள். இன்பமணி பின்னால் சாக்குகளோடு உட்கார்ந்துகொண்டான். டெபோரா முன்னால் ஏறினாள். முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. முஆத் வண்டியைக் கிளப்பிக் கரையில் ஏற்றினான்.

கரை திரும்புகிற இடத்தில் பிரேக் போட்டான். குனிந்து கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான்.

"அந்த ஓரத்துல, கல்லுக்குக் கீழ, இன்னும் கொஞ்சம் செவப்புக் கிடக்கு."

டெபோரா பார்த்தாள். கிடந்தது. துளிகள் வேகமாக விழத் தொடங்கியிருந்தன. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். "மம்பட்டிய எடுங்க" என்று பின்னால் பார்த்துக் கத்தினாள். இன்பமணி தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மம்பட்டியை உருவிக்கொண்டு குதித்தான். முஆத் இஞ்சினை நிறுத்திவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு வெற்றுச் சாக்கை இழுத்தெடுத்தான். சரிவில் கால் வழுக்காமல் ஒவ்வொரு அடியாக வைத்து அவர்கள் பின்னாலேயே இறங்கி, கல்லுக்குப் பக்கத்தில் வந்து சாக்கின் வாயை இரண்டு கையாலும் அகலப் பிடித்தான்.

"அள்ளிப் போடுங்க" என்றான். "மழை வந்துட்டு."